நான்கு வருடமாக ஒரே ஆயின்மென்ட்

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கும் 36 வயது வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

ஏழு வருடமாக அவருக்குச் சொரியாசிஸ், அதாவது தோல் தடித்துச் செதில் உதிரும் நோய். இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், கீழ் முதுகு, தலை. நான்கு வருடம் முன்பு ஒரு டாக்டர் க்ளோபெட்டாசோல் ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்து, "ரெண்டு வாரம் போட்டுட்டு வாங்க" என்றார். இரண்டு வாரத்தில் செதில் உதிர்ந்துவிட்டது. இவர் திரும்பப் போகவில்லை. அதே சீட்டைக் காட்டியும், அப்புறம் சீட்டே இல்லாமலும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி, காலையும் இரவும் போட்டு வந்திருக்கிறார். 30 கிராம் டியூப் மாதம் நான்கு தீர்கிறது. போன வருடம் தொடை இடுக்கில் அரிப்பு வந்தபோது, பக்கத்து மெஷின்காரர் கொடுத்த "படைக் கிரீம்" போட்டார். இப்போது அங்கே தோல் கோடுகோடாக வெடித்திருக்கிறது. ஆறு வயது மகளின் தலையில் செதில் தெரிந்ததும் தன் ஆயின்மென்ட்டையே கொஞ்சம் தடவிவிட்டார்.

சமீபத்தில் இன்னொரு டாக்டர் கால்சிபோட்ரியாலும் பீட்டாமெத்தசோனும் சேர்ந்த ஆயின்மென்ட் எழுதினார். பெட்டிக்குள் இருந்த தாளில் "நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம்" என்று பார்த்ததும் பயந்துபோய், பழையது புதியது இரண்டையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். பத்தே நாளில் முன்னைவிடத் தடிப்பாகத் திரும்பிவிட்டது. நிறுத்தியதிலிருந்து அசதி, எழுந்து நின்றால் தலைசுற்றல். ஒரே ஊசியில் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று மச்சான் ஒரு டாக்டரைச் சொல்கிறார். அம்மா வெட்பாலை எண்ணெய் தயாரித்து வைத்திருக்கிறார். மனைவி துண்டைத் தனியாகப் போடுகிறார். ஆயின்மென்ட் கிட்னியைக் கெடுக்குமா, வாழ்நாள் முழுக்க இதற்கு அடிமையா, ஊசி போடலாமா, மகளுக்கும் வந்துவிட்டதா என்று கேட்கிறார்.

உங்கள் கேள்விகளுக்கு வருமுன் நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தலைசுற்றல்.

க்ளோபெட்டாசோல் தோலில் போடும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. நாள்தோறும் 2 கிராம் அளவுக்குப் போட்டாலே சிலருக்கு அது ரத்தத்தில் கலந்து, அட்ரினல் சுரப்பி தானாகச் செய்யும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டின் உற்பத்தியைக் குறைத்துவிடும். மாதம் நான்கு டியூப் என்றால் நீங்கள் போட்டது நாளைக்கு 4 கிராம். நான்கு வருடம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் சுரப்பி சோம்பிப் போயிருக்கலாம். திடீரென்று வரத்து நின்றால் அசதி, தலைசுற்றல், வாந்தி, பசியின்மை வரும். உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ரத்தசோகையாகவும் இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். ஆனால் காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை, கூடவே பிரஷர், சர்க்கரை, மூன்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். "நாலு வருஷம் க்ளோபெட்டாசோல் போட்டேன், திடீர்னு நிறுத்திட்டேன்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வாந்தி தொடர்ந்தாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, இனி ஆயின்மென்ட்டுக்கு வருவோம்.

நீங்கள் அதை விஷம் என்று நினைக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அதற்கு முன் நான்கு வருடம் அதைத் தேங்காய் எண்ணெய் மாதிரி நினைத்தீர்கள். இரண்டுமே சரியில்லை. க்ளோபெட்டாசோல் நல்ல மருந்து. முழங்கை, முழங்கால் மாதிரித் தடித்த இடங்களுக்கு இன்றும் நாங்கள் எழுதுகிறோம். அதற்கு இரண்டு வரம்பு உண்டு: வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் கூடாது, டாக்டர் வேறு சொல்லாதவரை ஒரே மூச்சில் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. முதல் வரம்பை நீங்கள் தாண்டவே இல்லை. இரண்டாவதை ஏறக்குறைய நூறு மடங்கு தாண்டிவிட்டீர்கள். உங்கள் முதல் டாக்டர் எழுதிய சீட்டில் ஆரம்பம் இருந்தது, எப்படி முடிப்பது என்பது இல்லை. "ரெண்டு வாரம் போட்டுட்டு வாங்க" என்பதில் "வாங்க" தான் முக்கியமான மருந்து என்பதை நாங்கள் அழுத்திச் சொல்வதில்லை. அந்தப் பழி எங்கள் தொழிலுக்கும் உண்டு.

மெடிக்கல் ஷாப்புக்கும் உண்டு. 2018-லேயே வீரியமான தோல் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் மத்திய அரசு கொண்டுவந்துவிட்டது. கவுன்டரில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

நிறத்தைப் பார்க்காதீர்கள், தடவிப் பாருங்கள்

உங்கள் கடிதத்தில் ஒரு வரி: "செதில் போயிடுச்சு, ஆனா கருப்பு போகலை, அதனால விடாம போட்டேன்." நான்கு வருடம் ஓடியதற்குக் காரணம் இந்த வரிதான் என்று நினைக்கிறேன்.

சாதாரணத் தோலில் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் நோய் எதிர்ப்பு அணுக்கள் தவறாகக் கிளப்பிவிடுவதால் அதே பயணம் சில நாளிலேயே முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வதுதான் அந்தத் தடிப்பும் வெள்ளிச் செதிலும். புத்தகப் படங்களில் சிவப்பாகத் தெரிவது நம் நிறத்துத் தோலில் கருஞ்சிவப்பாக, சாம்பல் பூத்த ஊதாவாகத் தெரியும். அழற்சி அடங்கிய பிறகு அந்த இடத்தில் நிறமி தங்கிவிடும். கொசு கடித்த இடம், பரு வந்த இடம் கறுப்பது போலத்தான். அது தானாக மங்கப் பல மாதம் ஆகும். ஸ்டீராய்டு அதை வேகப்படுத்தாது. அங்கே போட்ட ஒவ்வொரு துளியும் நல்ல தோலைத்தான் மெலியவைத்தது.

அதனால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். மேடும் சொரசொரப்பும் இருந்தால் நோய் இருக்கிறது. பக்கத்துத் தோலைப் போலவே வழவழப்பாக இருந்தால், எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், தினசரி மருந்தை நிறுத்தும் நேரம் வந்துவிட்டது. சிலருக்குக் கறுப்புக்குப் பதில் வெளிறிப் போகும். ஸ்டீராய்டு அதிகமானாலும் வெளிறும். பார்த்தவர்கள் வெண்புள்ளி என்று கிளப்பிவிடுவார்கள். அதற்கும் பயப்பட வேண்டாம், டாக்டரிடம் காட்டினால் போதும்.

எவ்வளவு, எப்படி

ஆயின்மென்ட்டை ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். உங்கள் உள்ளங்கை இரண்டு சேர்ந்த பரப்புக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முழங்கைகளும் முழங்கால்களும் ஆளுக்கொரு உள்ளங்கை, முதுகில் இரண்டு. மொத்தம் ஆறு. மூன்று விரல் கோடு, ஒன்றரை கிராம். ஒரு நாளைக்கு ஒரு தடவை போட்டால் 30 கிராம் டியூப் இருபது நாள் வர வேண்டும், இரண்டு தடவை போட்டாலும் பத்து நாள். உங்களுக்கு ஏழெட்டு நாளில் தீர்ந்திருக்கிறது. மேட்டைத் தாண்டிச் சுற்றியிருக்கும் நல்ல தோலிலும் பூசியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

புதிய டாக்டர் எழுதிய ஆயின்மென்ட் உங்களுக்குப் பொருத்தமான தேர்வு. அதில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பாதி வேலை செய்கிறது. கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மருந்து செல்களின் அவசரத்தைக் குறைத்து மீதி வேலையைச் செய்கிறது. தாளில் உள்ள "நான்கு வாரம்" என்பதை அதற்கு மேல் போட்டால் ஆபத்து வெடிக்கும் என்று நீங்கள் படித்துவிட்டீர்கள். ஒரு சுற்று தினசரி சிகிச்சைக்கான அளவு அது. அதற்கப்புறம் டாக்டர் பார்த்து, எப்படித் தொடர்வது என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் நாங்கள் சொல்வது: வழவழப்பானதும் தினசரியிலிருந்து வாரம் இரண்டு நாளைக்கு இறங்குவது, மற்ற நாட்களில் கால்சிபோட்ரியால் மட்டுமோ வெறும் வாஸ்லினோ. பஸ்ஸை ஓட்டத்தில் பிரேக் அடித்தால் எல்லோரும் முன்னால் விழுவார்கள் இல்லையா, பத்து நாளில் உங்களுக்கு நடந்தது அதுதான். அடிமையானதால் வந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கார்ட்டிசால் முடிவு வந்ததும், அந்த டாக்டரிடமே கேட்டு, இந்த ஆயின்மென்ட்டை மறுபடி ஆரம்பியுங்கள். போட்டதும் கையைக் கழுவுங்கள். தெரியாமல் கண்ணில், முகத்தில் பட்டுவிடக் கூடாது. வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ போடுவதென்றால் குளித்து ஈரம் ஒற்றியதும் போட்டு, அரை மணி கழித்து மருந்து. மேலே பிளாஸ்டிக் கவர் சுற்றிக் கட்டினால் சீக்கிரம் போகும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், சீக்கிரம் போகும். மருந்து உள்ளே இறங்குவதும் பல மடங்காகும். டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

செதிலை ஊறவைக்கும் சாலிசிலிக் ஆசிட் களிம்பு உங்களிடம் இருந்தால், அதைக் கால்சிபோட்ரியாலோடு கலந்து போடாதீர்கள். அந்த ஆசிட் கால்சிபோட்ரியாலைச் செயலிழக்கச் செய்துவிடும். தலைக்கு ஆயின்மென்ட் சரிப்படாது, லோஷனாகக் கேளுங்கள். சீப்பால் வகிடு பிரித்து, முடியில் படாமல் தோலில் படும்படி போட வேண்டும்.

கிட்னி பற்றி. கால்சிபோட்ரியால் வாரத்துக்கு 100 கிராமைத் தாண்டினால் ரத்தத்தில் கால்சியம் ஏறக்கூடும், அதிலிருந்து கிட்னிக்குச் சிக்கல் வரலாம். உங்கள் கணக்கு வாரத்துக்குப் பத்துப் பதினோரு கிராம். ஏற்கெனவே கிட்னி கோளாறோ கால்சியம் மாத்திரையோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். நான் பயப்படுவது லேபிள் இல்லாத டப்பாக்களுக்கு. 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் பாதரசம் கலந்த முகவெளுப்பு கிரீம்களால் சிலருக்குச் சிறுநீரக நோய் வந்தது நினைவிருக்கலாம். "மூலிகை" என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்பதும் உண்டு.

தொடை இடுக்கு

இங்கேதான் நிஜமான சேதம் நடந்திருக்கிறது. "படைக் கிரீம்" என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு என்று எல்லாம் கலந்த கதம்பம். உங்கள் கையில் இருப்பதும் பெரும்பாலும் அதுவே. தோல் மடிப்பு மெல்லியது, வியர்வையில் ஊறியது, தோலோடு தோல் ஒட்டி மூடியிருப்பது. முன்கையைவிட விதைப்பைத் தோல் 40 மடங்குக்கு மேல் ஸ்டீராய்டை உறிஞ்சும் என்று 1967-ல் வந்த ஒரு ஆய்விலேயே இருக்கிறது. கோடுகோடாக வெடித்தது அதனால்தான். அந்தக் கோடுகள் நாளடைவில் மங்கும், முழுதாக மறையாது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அங்கே இருப்பது சொரியாசிஸ்தானா என்பதே சந்தேகம். மடிப்புச் சொரியாசிஸ் செதில் இல்லாமல் பளபளவென்று இருக்கும். பூஞ்சைப் படையும் ஸ்டீராய்டு பட்டால் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். ஓரத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிய செலவும் இல்லை. பூஞ்சை என்றால் அதற்குத் தனி மருந்து. சொரியாசிஸ் என்றால் மடிப்புக்கு டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்போ, சில நாள் மட்டும் மென்மையான ஸ்டீராய்டோ. உங்கள் முழங்கை ஆயின்மென்ட் அங்கே போகவே கூடாது.

ஊசியும் வெட்பாலையும்

மச்சான் சொல்லும் ஊசியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராது. ஒரே வாரத்தில் சுத்தமாக்குவது பெரும்பாலும் உடம்பு முழுக்கப் பரவும் நெடுநாள் ஸ்டீராய்டு. சுத்தமாகும், பொய் இல்லை. ஊசியின் வேகம் இறங்கும்போது சொரியாசிஸ் திரும்பி வருவது சில சமயம் வேறு உருவத்தில்: உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்ப் புள்ளி புள்ளியாக, குளிர்காய்ச்சலோடு. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டிய நிலை அது. ஏற்கெனவே ஸ்டீராய்டை நிறுத்தித் தள்ளாடிக்கொண்டிருக்கும் உங்கள் உடம்புக்கு இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

அம்மாவின் எண்ணெயை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் அது ஊதா நிறமாகும். காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸுக்கு, சித்த மருத்துவர்கள் அதைத்தான் தருகிறார்கள். செதிலை மென்மையாக்கும் எண்ணெய் என்ற அளவில் முழங்கை, முழங்காலில் தடவலாம். மருந்து போடும் நேரத்தில் வேண்டாம், இடுக்கில் வேண்டாம், எரிந்தால் நிறுத்துங்கள். இது வந்துவிட்டதென்று ஆயின்மென்ட்டை விட்டுவிடவும் வேண்டாம். எண்ணெயோ வாஸ்லினோ ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்புக்குப் பக்கத்திலும் பீடி பற்றவைக்கும்போதும் கவனம். பீடியை விட்டால் சொரியாசிஸுக்கே நல்லது. குடியும் அப்படித்தான். கத்தரிக்காய், கருவாடு பத்தியத்துக்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. விருப்பப்படி சாப்பிடுங்கள், எடையை மட்டும் ஏறவிடாதீர்கள்.

மனைவியும் மகளும்

இது தொற்று நோய் இல்லை. துண்டு, தட்டு, படுக்கை எதிலும் பரவாது. மனைவியை அடுத்த தடவை டாக்டரிடம் கூட்டிப் போய் அவர் வாயால் கேட்கவையுங்கள். நீங்கள் சொன்னால் சமாதானம் மாதிரி இருக்கும். பரம்பரைக் கூறு உண்டு, ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. மகளின் தலையில் இருப்பது பொடுகாகவோ பூஞ்சையாகவோ இருக்கலாம். க்ளோபெட்டாசோல் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான மருந்தே இல்லை. ஒன்றிரண்டு தடவை தடவியதால் எதுவும் ஆகியிருக்காது, இனி வேண்டாம். டாக்டரிடம் காட்டும் நாளில் தலையில் எதுவும் பூசாமல் கூட்டிப் போங்கள்.

நான் இரண்டு முறை வாசித்த வரி

"காலையில் எழுந்ததும் குதிகால் வலி, ஒரு மணி நேரம் நடந்தா சரியாயிடும், நின்னு வேலை பாத்த பழக்கம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உட்கார்ந்து தைப்பவர். சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு மூட்டும், எலும்போடு தசைநாண் ஒட்டும் இடங்களும் அழற்சி அடையும். காலையில் அரை மணிக்கு மேல் இறுக்கம், குதிகால் வலி, ஒரு விரல் முழுவதும் வீங்குவது, நகத்தில் ஊசி குத்தியது போல் குழி, இவை அதன் அடையாளங்கள். இதற்கு எந்த ஆயின்மென்ட்டும் உதவாது. விட்டுவைத்தால் மூட்டு நிரந்தரமாகக் கெடும். டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். மூட்டுப் பிரச்சினை உறுதியானாலோ, ஆயின்மென்ட்டில் அடங்காவிட்டாலோ, மாத்திரைகளும், மச்சான் சொல்வது அல்லாத வேறு ஊசிகளும் இருக்கின்றன. தோலுக்கு மட்டுமென்றால் குறுகிய அலைவரிசை புற ஊதாக்கதிர் சிகிச்சையும் உண்டு. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதினால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது என்பதை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு.

வாழ்நாள் முழுக்கவா என்று கேட்டீர்கள். நோய் போய்ப் போய்த் திரும்ப வரும், ஆமாம். மருந்து நாள் தவறாமல் வேண்டுமென்பதில்லை. மாதக்கணக்கில் வாஸ்லின் மட்டும் போதுமாக இருக்கிற காலங்களும் வரும். தேய்க்கிற, அடிபடுகிற இடத்தில் சொரியாசிஸ் புதிதாகக் கிளம்பும், அதனால் மெஷின் மேஜை விளிம்பில் முழங்கை ஊன்றும் இடத்தில் கம்பெனி வேஸ்ட் துணியை நாலு மடிப்பாக வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். செதிலைப் பிய்க்காதீர்கள்.

சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் உங்களுக்கும் மகளுக்கும் அந்த அட்டையிலேயே பார்க்கலாம். இல்லாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைத் தோல் பிரிவு. போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா டியூப்களையும், காலியானவை உட்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பக்கத்து மெஷின்காரர் கொடுத்த கிரீமையும் சேர்த்து.